வெல்டர்கிட்ட ரேட் மட்டும் கேட்காதீங்க

1) வீடு கட்டுறவங்க எல்லாரும் கடைசியில வந்து நிக்கிற இடம் வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படி கைப்பிடி, மேல தகர ஷெட். கொத்தனாரை நாலு பேர்கிட்ட விசாரிச்சுப் பிடிக்கிற நாம, வெல்டர்கிட்ட ஒரே கேள்விதான் கேட்கிறோம்: "கிலோ எவ்வளவு?" செஞ்சியில வைத்தியம் பார்க்குற டாக்டரா, இன்னும் ரெண்டு மூணு கேள்வி சேர்த்துக்கச் சொல்லத்தான் இந்த த்ரெட்.

2) ராத்திரி பத்து, பதினோரு மணிக்கு மேல ஒரு வகை பேஷன்ட் வருவாங்க. ரெண்டு கண்ணும் சிவந்து, தண்ணி ஊத்தும். லைட்டைப் பார்க்க முடியாது. "கண்ணுக்குள்ள மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு சார்"னு சொல்வாங்க. கேட்டா பகல்ல வெல்டிங் வேலை. பெரும்பாலும் வெல்டர் இல்ல, பைப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஹெல்பர்.

3) வெல்டிங் வெளிச்சத்துல புற ஊதாக் கதிர் அதிகம். அது கருவிழியோட மேல்தோலைச் சுட்டுடும். வெயில்ல தோல் வெந்து போற மாதிரிதான். ஆனா சுடும்போது வலிக்காது. சில மணி நேரம், சில சமயம் 12 மணி நேரம் கழிச்சுத்தான் வலி ஆரம்பிக்கும். அதனாலதான் சாயங்காலம் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போன பையன் நடுராத்திரி கத்துறான்.

4) அப்படி வந்த ஒரு பையனை மறக்க முடியல. பத்தொன்பது வயசு இருக்கும். கண்ணைத் திறக்கவே முடியாம, "வலி தெரியாம இருக்க ஒரு சொட்டு மருந்து மட்டும் குடுங்க சார், காலையில கேட் மாட்டணும்"னான். பேசிக்கிட்டு இருக்கும்போதே போன் அடிச்சுது. வீட்டு ஓனர். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவேன்னு கேட்கிறார். கிரகப்பிரவேசம் நெருங்கிடுச்சாம்.

5) அவன் கேட்ட மரத்துப்போகும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பக் கூடாது. திரும்பத் திரும்ப விட்டா கருவிழிப் புண் ஆறாது, பார்வைக்கே ஆபத்து. தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு எதுவும் கண்ணுக்குள்ள வேண்டாம். மூடின கண்ணு மேல குளிர்ந்த துணி, இருட்டு அறை, டாக்டர் தர்ற மருந்து. பெரும்பாலும் ரெண்டு நாள்ல ஆறிடும். ஆனா அந்த ரெண்டு நாள் ஓய்வு வேணும். அவனுக்குக் கிடைக்காதது அதுதான்.

6) ஒரு கண்ணுல மட்டும் உறுத்தலா? கிரைண்டிங் பண்ணும்போது இரும்புத் துகள் ஏறியிருக்கலாம். தேய்க்காதீங்க. தீக்குச்சி, துணி முனையால எடுக்க விடாதீங்க. நேரா கண் டாக்டர்கிட்ட போகணும்.

7) அடுத்தது புகை. ஜிஐ பைப், ஜிஐ தகடுல இருக்கிற துத்தநாகப் பூச்சு எரிஞ்சு வர்ற புகையை மூச்சுல இழுத்தா, சில மணி நேரத்துல குளிர் காய்ச்சல், உடம்பு வலி வரும். பலர் வைரஸ் காய்ச்சல்னு நினைச்சுக்குவாங்க. பொதுவா ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாகும். மூச்சு வாங்கினா, நெஞ்சு இறுக்கினா உடனே வரணும். பால் குடிச்சா புகை ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-ல வெல்டிங் புகையை, புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பிரிவுல சேர்த்துடுச்சு.

8) என் கிளினிக் மாடிப்படிக்குக் கைப்பிடி போட ரெண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தர் ரேட் குறைவு. ஹெல்பருக்குக் கூலிங் கிளாஸ். இன்னொரு அண்ணன் வந்ததும் கேட்டது: "சார், பேஷன்ட் வர்ற வழி எது? மறைப்பு கட்டணும்." அவர்கிட்ட ரெண்டு முகக்கவசம் இருந்துச்சு. வேலையை அவருக்கே கொடுத்தேன். கூலிங் கிளாஸ் இந்த வெளிச்சத்துக்குப் பத்தாது, பக்கவாட்டுலயும் ஒளி புகும். வெல்டிங் கண்ணாடியில 10, 11னு எண் போட்டிருக்கும். வீட்டு வேலைக்கு அந்த அளவு இருக்கணும்.

9) இப்படிக் கவனமா இருக்கிறவர் வேலையும் சுத்தமா இருக்கும்னு என் அனுபவம். ஆனாலும் பாருங்க. பைப் எத்தனை கேஜ்னு முதல்லயே எழுதி வாங்குங்க. 18 கேஜை விட 16 கேஜ் தடிமன். எடையை உங்க கண்ணு முன்னாடி போடச் சொல்லுங்க. இணைப்புல புள்ளி புள்ளியா ஒட்டி விடாம முழுசா ஓட்டி, கசடைத் தட்டி, ரெட் ஆக்சைடு அடிச்சப்புறம் பெயின்ட். பக்கத்துல பெட்ரோல் வண்டி, வைக்கோல், கேஸ் சிலிண்டர் இருந்தா தள்ளி வைங்க. ஈரத் தரையில வயர் கிடக்கக் கூடாது. குழந்தைங்களை வேடிக்கை பார்க்க விடாதீங்க.

10) கட்டுமான வேலை பார்க்கிற வெல்டர்கள், 18 வயசு முடிஞ்சு 60க்குள்ள இருந்தா, தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்துல பதிவு பண்ணலாம். விபத்துக்கு நிவாரணம், பிள்ளைங்க படிப்புக்கு உதவி உண்டு. உங்க வெல்டர்கிட்ட கார்டு இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா பதிவு பண்ணிக்கச் சொல்லுங்க.

11) ரெண்டாவது முகக்கவசம் வாங்குற செலவு உங்க கேட் பில்லுல ஒரு மூலைக்குக்கூட வராது. அதைவிட முக்கியம், தேதியை நெருக்காதீங்க. விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னாடியே வேலை முடியுற மாதிரி ஆரம்பிங்க. நடுவுல ஒருத்தருக்குக் கண்ணு சிவந்தா, "ரெண்டு நாள் கழிச்சு வாப்பா"ன்னு ஓனர் வாயால சொல்லணும். நான் எழுதிக் கொடுக்கிற ஓய்வு அப்பதான் அந்தப் பையனுக்குக் கிடைக்கும்.