கோபே நகரில் ஒரு குரங்குப் பேரிக்கொடி

ஜப்பான் தேசத்துக் கோபே நகரத்தை அங்குள்ள பள்ளிவாசலின் பெயரால் உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1935-இல் எழுந்த, அந்நாட்டின் முதல் பள்ளிவாசல் அது. அதைக் கட்டியதில் இந்திய வணிகர்களின் நன்கொடைக்கும் பங்குண்டு. 1945-இன் குண்டுவீச்சில் சுற்றுப்புறம் எரிந்தபோதும், 1995-இன் பெரும் நிலநடுக்கத்திலும் அது நிலைத்து நின்றது. 2023 மே மாத இறுதியில் அங்கு ஜும்ஆ தொழும் பாக்கியம் எனக்குக் கிட்டியது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் இக்கட்டுரை பள்ளிவாசலைப் பற்றியதன்று. நகருக்கு வடக்கே, ரொக்கோ மலைக்கு அப்பால், என் தங்கை வீட்டுக் கொல்லையில் படர்ந்திருந்த ஒரு கொடியைப் பற்றியது.

கிவி என்னும் பழத்தை இன்று நம்மூர்ப் பழக்கடைகளிலும் காண்கிறோம். நான் சொல்லும் கொடி அதன் நெருங்கிய உறவு. ஆனால் பழம் திராட்சையைவிடச் சற்றே பெரியது. தோலில் மயிர் இல்லை. தோலோடு அப்படியே உண்ணலாம். ஜப்பானியர் இதைச் 'சருநாஷி' என்கின்றனர். சரு என்றால் குரங்கு, நாஷி என்றால் பேரி. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும்போது உறைபனிக்கும் கீழே 25, 30 பாகை வரை தாங்கும். அதே கொடியின் இளந்தளிர், வசந்தத்தில் ஓர் இரவு பனி விழுந்தால் கருகிவிடும்! நம் சமவெளியில் இதை வளர்க்க எவரும் ஆசைப்பட வேண்டாம். பல வாரங்கள் குளிரில் உறங்கினாலன்றி இது பூப்பதில்லை.

தங்கை இக்கொடியை 2016-இல் நட்டாள். கடையில் வாங்கிய கன்றின் சீட்டில் பழத்தின் படம் இருந்தது. வேறு விவரம் ஏதும் இல்லை. மூன்றாம் ஆண்டே பந்தல் போதவில்லை. புடலைப் பந்தல் போன்ற மெல்லிய கழிகள் இதற்கு ஆகா. ஒரே கோடையில் பல முழம் நீளும் இக்கொடியின் பாரத்துக்கு மச்சான் இரும்புத் தூண்களே நட வேண்டியதாயிற்று. ஐந்தாம் ஆண்டில் பூத்தது. வெண்மையான, மணமுள்ள பூக்கள். எல்லாம் உதிர்ந்தன. மறு ஆண்டும் அவ்வாறே.

தொலைபேசியில் அவள் இதைச் சொல்லி வருந்தியபோது, நான் ஊரிலிருந்தபடி, "ஸப்ரு செய்யம்மா" என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "மலட்டுக் கொடியாக இருந்தால் வெட்டிப் போட்டுவிட்டு வேறு வை" என்றும் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. அவளுக்கு மணமாகிப் பதினோர் ஆண்டுகள். வல்ல இறைவன் இன்னும் மகப்பேறு அருளவில்லை. அந்தச் சொல்லை அவள் எத்தனை விருந்து வீடுகளில், எத்தனை வாய்களிலிருந்து கேட்டிருப்பாள் என்பது அழைப்பைத் துண்டித்த பிறகே எனக்கு உறைத்தது. (அவளுடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.)

நான் அங்குச் சென்றபோது கொடி மூன்றாம் முறையாகப் பூத்திருந்தது. அடுத்த வீட்டு முதியவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், வேலியோரம் நின்று என்னை வணங்கினார். மச்சான் மொழிபெயர்க்க, பேச்சு கொடிக்கு வந்தது. அவர் ஒரு பூவைப் பறித்து என் உள்ளங்கையில் கவிழ்த்து வைத்தார். நடுவில் குட்டையான பச்சைச் சூலகம். அதன் தலையில் நட்சத்திரம் போல வெண்ணிற இழைகள். "இது பெண்கொடி. எந்தக் குறையும் இல்லை. அருகில் ஆண்கொடி இல்லை, அவ்வளவுதான்" என்றார். பெண்பூவிலும் மகரந்தப் பைகள் உண்டு. ஆனால் அந்தத் தூள் கருவூட்டாது. தானே காய்க்கும் வகையொன்றும் இருக்கிறதாம், இது அதுவன்று.

எனக்கு வெட்கமாக இருந்தது. பனைமரங்களுக்கிடையே பிறந்து வளர்ந்தவன் நான். ஆண்பனை எது, பெண்பனை எது என்று எங்களூர்ச் சிறுவனும் சொல்வான். அதுமட்டுமா? மதீனாவாசிகள் பேரீச்சம் பாளையில் ஆண்பூவைச் சேர்த்துக் கட்டியதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஒரு கருத்தைக் கேட்டு அவர்கள் அதை விட்டபோது விளைச்சல் குன்றியதையும், உலகியல் செய்திகளில் அவர்களது அறிவையே அண்ணலார் ஏற்றுக்கொண்டதையும் ஸஹீஹ் முஸ்லிமிலிருந்து ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். அப்படிப்பட்டவன், விவரம் கேட்க வேண்டிய இடத்தில் ஸப்ரை உபதேசித்திருந்தேன்.

அந்த முதியவரின் பூர்வீகம் ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கு. அங்கு உறவினர் தோட்டத்தில் ஆண்கொடி பூத்திருக்கும் என்றார். மறுநாள் வைகறைத் தொழுகை முடித்து மச்சானின் காரில் மூவரும் புறப்பட்டோம். 1998-இல் திறக்கப்பட்ட அகாஷிப் பாலத்தால் கடலைத் தாண்டி, அவாஜி தீவின் வழியே ஷிகோகுவை அடைந்து, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினோம்.

இயாவில் ஒரு பாலம் இருக்கிறது வாசகர்களே, அதை நான் மறக்கமாட்டேன். ஆற்றுக்கு மேல் 14 மீட்டர் உயரத்தில், 45 மீட்டர் நீளத்தில் தொங்கும் அப்பாலம் இதே கொடியால் முறுக்கிப் பின்னப்பட்டது! பன்னிரண்டாம் நூற்றாண்டுப் போரில் தோற்று ஒளிந்த குலத்தார், பகைவர் வந்தால் உடனே வெட்டிவிடலாம் என்று கொடியால் அமைத்தார்கள் என்பது அங்கு வழங்கும் கதை. இப்போது பாதுகாப்புக்காக உள்ளே எஃகுக் கம்பியும் ஓடுகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை கொடிகளை மாற்றிப் புதிதாய்ப் பின்னுகிறார்கள். கால் வைக்கும் கட்டைகளுக்கிடையே ஆறு தெரிகிறது. நான் 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் கயிற்றைப் பற்றி நடந்தேன். முதியவரோ கையை வீசியபடி நடந்தார். போதிய பருமனுள்ள கொடி காட்டில் அரிதாகிவிட்டதே என்பதுதான் அவருடைய கவலை.

உறவினர் தோட்டத்தில் ஆண்பூவைக் கண்டேன். நடுவில் அந்த வெண் நட்சத்திரம் இல்லை. கருநீல நுனியுள்ள இழைகள் மட்டும் அடர்ந்திருந்தன. பூத்த கிளைகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டோம். வேர்பிடித்த ஆண்கன்று ஒன்றையும் தந்தார்கள். ஓர் ஆண்கொடி ஆறேழு பெண்கொடிகளுக்குப் போதுமாம்.

மறுநாள் காலை தங்கை ஏணியில் ஏறினாள். முதியவர் கீழிருந்து ஆண்பூக்களை ஒவ்வொன்றாக நீட்ட, அவள் பெண்பூக்களின் நட்சத்திரத்தில் மெல்லத் தேய்த்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், அன்று தொலைபேசியில் சொன்ன சொல்லுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "மேலே அண்ணாந்து பார்க்காதீர்கள் காக்கா, கண்ணில் தூள் விழும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அக்டோபரில் அழைத்தாள். நாற்பத்தொரு பழங்கள். முதல் தட்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று. ஆண்கன்றை மறுதூணில் கட்டியிருக்கிறார்கள். தளிரைப் பூனைகள் கடித்துவிடுவதால் சுற்றிலும் கம்பிவலை. அது பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை ஒவ்வொரு மே மாதமும் இயாவிலிருந்து பூங்கிளை கொண்டுவருவதாக அம்முதியவர் சொல்லியிருக்கிறார்.