கடல் இல்லாத சொல்லடைவு

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக யாம் அட்டை அட்டையாக எழுதித் தொகுத்த சொல்லடைவை, இருபதாண்டு கழித்து நூலாக்க எண்ணினோம். சொற்களைப் பிரித்து அடுக்கும் சி மொழி நிரலை, ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்து பென்னலூரில் குடியிருக்கும் எம் தமக்கை மகன் எழுதித் தந்தான். படி அச்சகம் செல்லவிருந்த வாரத்தில் புரட்டினோம். அலை இருந்தது, கடலைக் காணோம். மலை இருந்தது, மரம் இல்லை. நெஞ்சு திடுக்கிட்டது.

அன்று மாலையே அட்டைப் பெட்டியுடன் பென்னலூர் சென்றோம். நிரலில் இரு நிபந்தனைகள்: சொல்லில் எழுத்து இருத்தல் வேண்டும், அது முன்னர்ப் பதிவாகாததாகவும் இருத்தல் வேண்டும். முதலதற்கு விடை எழுத்தெண்ணிக்கை, அடுத்ததற்கு 1. இவற்றை இணைக்க && என எழுத வேண்டிய இடத்தில் & என ஒற்றைக் குறியே நின்றது.

சி மொழியில் சுழியம் பொய். பிற எண்ணெல்லாம் மெய். ‘கடல்’ நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் புள்ளியும் தனியே எண்ணப்படுவதால் நான்கு. && எனின், நான்கும் மெய், ஒன்றும் மெய்; ஆதலின் விடை மெய். & எனின், மெய் பொய் நோக்காது இரும இலக்கங்களை இடத்துக்கு இடம் ஒப்பிடும். நான்கு 100, ஒன்று 001. எவ்விடத்தும் இரண்டிலும் 1 இல்லை, விடை சுழியம். கடல் வற்றிற்று! ‘அலை’ மூன்று, அதாவது 011. கடையிடம் ஒத்தமையால் பிழைத்தது. இரட்டைப்படைச் சொல்லனைத்தும் இவ்வாறே மறைந்தன.

தொல்காப்பியர் ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் கூறினார். கேட்போர் இடமறிந்து கொள்வர். சி மொழிக்கு முற்பட்ட பி மொழியிலும் & ஒன்றே இடத்திற்கேற்ப இருபணியும் ஆற்றியது. ஆலன் சுனைடர் பரிந்துரைக்க, டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் && என்பதைத் தனியே அமைத்தார். அதற்கு மற்றொரு சிறப்பும் உண்டு: முதல் நிபந்தனை பொய்யாயின் இரண்டாவதை அது தொடுவதே இல்லை. வகுப்பில் எம் மாணவர் சிலரும் அத்தகையோரே!

“மாமா, ஒரு குறிதான் விட்டுப்போச்சு,” என்றான் மருகன், தலைகுனிந்து. கடிய எமக்கு மனம் வரவில்லை. மெய்ப்புப் பார்க்காதவர் யாம்தாமே. குறியைச் சேர்த்து நிரலை ஓட்டினான். நெடுஞ்சாலையில் லாரிகள் இரைய, விடியும் வரை அவன் வாசிக்க யாம் அட்டைகளோடு ஒப்பிட்டோம். ககர வரிசையில் கடல் வந்திருந்தது.