வாயை மட்டும் அசை

1982-இல் செல்லூரில் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். பாட்டு டீச்சர் மாற்றலாகிப் போனதும், "நீங்கதான் பாடுவீங்களே சார்" என்று ஆறாம் வகுப்புப் பாட்டுப் பீரியடை என் தலையில் கட்டிவிட்டார்கள். சின்ன வயதில் மூன்று வருஷம் பாட்டுக் கற்றதுதான் என் தகுதி.

எனக்குச் சொல்லித்தந்த வழியிலேயே ஆரம்பித்தேன். சுருதிப் பெட்டி, மாயாமாளவகௌளை, சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்த பாதை என்பார்கள். அந்த ராகத்தில் ச-ரி-க-ம என்ன இடைவெளியில் ஏறுகிறதோ, அதே இடைவெளியில் ப-த-நி-ச ஏறும். கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்காமல் இருக்குமா? பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. ரி-யிலிருந்து க-வுக்குத் தாவுகிற இடத்தில் நாற்பது தொண்டையும் நாற்பது பக்கம் போனது. சிலப்பதிகாரத்தில் வரும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற பெயர்களைச் சொல்லிக் கொடுத்தேன். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். ஸ்வரம்தான் வரவில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பையன். அவனுக்கு ஏழும் ஒன்றுதான். ஒருநாள் பொறுமையிழந்து, "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். அதன் பிறகு வாயையும் அசைக்கவில்லை.

சில வாரம் கழித்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். பெஞ்சில் யாரோ தட்டும் சத்தம். அவன்தான்.

"என்னடா அது?"

"எங்கப்பா தறி சார்."

செல்லூரில் அப்போது தெருவுக்குத் தெரு தறி. பள்ளி விட்டதும் தார் சுற்றப் போகிற பிள்ளைகள். மிதி, நாடா ஓட்டம், பலகை அடி, எல்லாம் அவன் விரலில் இருந்தது. நான் கேட்காமலே வேகத்தை இரட்டிப்பாக்கினான். பலகை அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. இரண்டாம் காலத்துக்கு நான் எத்தனை மாதம் திண்டாடியிருக்கிறேன்!

சுருதிப் பெட்டியை மூடி வைத்துவிட்டுத் தாளத்தில் தொடங்கினோம். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை, ஆக எட்டு, ஆதி தாளம். பாதி வகுப்பு 'தகிட', மறுபாதி 'தகதிமி'. மூன்றும் நாலும் பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை ஒன்றாக வந்து விழும். மீச்சிறு பொது மடங்கை அன்றைக்குப் போல நான் வேறு எப்போதும் நடத்தியதில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் 'ச' மட்டும் பிடிக்கச் சொன்னேன். ஓரளவு சேர்ந்து நின்றது.

அவனை எத்தனையோ முறை கூப்பிட்டேன். "வேணாம் சார், நான் தாளம் போடுறேன்."

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். தறியை விட்டு ரொம்ப நாளாகிவிட்டதாம். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, தவிலோடு சேர்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருந்தான்.

"பாடு தாத்தா" என்றது குழந்தை.

"தாத்தாவுக்குப் பாட வராதும்மா" என்றான், என் பக்கம் திரும்பாமல்.