நம் வீட்டுச் சிக்கனமும் சாவகச்சேரிக் கடைத்தெருவும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், அரியாலையைத் தாண்டி, கடல்நீரேரியின் உப்புக் காற்றை வாங்கிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும் தென்மராட்சி மண்ணிற் கால் வைக்கின்றனர். வலிகாமத்தின் நெருங்கிய வீடுகளும் மதில்களும் பின்னே நின்றுவிட, வெண்மணலும் தென்னஞ்சோலைகளும் பலாமரத்தின் குளிர்ந்த நிழலும் எதிரே வருகின்றன. கைதடி, நுணாவில் ஆகிய ஊர்களையும் கடந்து, நகரிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீற்றர் சென்றால் வருவது சாவகச்சேரி. கடல் கடந்து வந்த சாவகர் குடியிருந்த சேரியாதலால் இப்பெயர் வந்ததென்று பெரியோர் சொல்வர். பெயர்க் காரணம் எதுவாயினும், தென்மராட்சியின் தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் வந்து குவிந்து விலைபேசப்படும் ஊர் இது என்பதை யாவரும் அறிவர்.

ஆனி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் நாம் அங்கே சென்றோம். பலாப்பழம் வாங்கி வருவதாகத்தான் வீட்டிற் சொல்லியிருந்தோம். ஆனால், உண்மையில் நம்மை இழுத்துச் சென்றது ஒரு பழைய கடன்.

2022ஆம் ஆண்டிலே நாம் தென்மராட்சியிலுள்ள கல்லூரியொன்றில் உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டை இலங்கையில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரையில் மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2021 அக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்தது. ஏழு மாதங்கள் நிறையுமுன் அது 4,860 ரூபாவாயிற்று. ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. அந்த விலை கொடுக்க ஆயத்தமாயிருந்தவர்க்கும் அது கிடைக்கவில்லை. நாமும் மோட்டார் சைக்கிளை ஓரத்தில் நிறுத்திவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் ஏறினோம்.

அந்நாட்களிற் சந்தைக்கு அண்மையில், ஒழுங்கையொன்றின் முகப்பிலிருந்த சிறிய தேநீர்க் கடையே நமக்குத் தங்குமடம். வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கியதும் ஒரு பிளேன்டீ, ஒரு வாய்ப்பன். கையிற் சில்லறை இல்லாத நாளிற் கொப்பியில் எழுதிக்கொள்வார் கடைக்காரர். மாத முடிவிற் கொடுத்துவிடுவோம்.

செப்டெம்பர் மாதத்தில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று கணக்கு வெளியாயிற்று. அதே வாரத்தில் நம் இல்லத்தரசியாரும் நாமும் விளக்கருகே அமர்ந்து வீட்டுச் செலவுக் கொப்பியைத் திறந்தோம். சம்பளமோ ஏறவில்லை. எதையாவது வெட்டியே ஆகவேண்டும். பிள்ளைகளின் படிப்பை வெட்ட முடியாது. மருந்தை வெட்ட முடியாது. மின்கட்டணத்தைத் தவணை சொல்லி நிறுத்தவும் முடியாது. ஆகவே கைக்கு எட்டியவற்றை வெட்டினோம். வெளியில் தேநீர் இல்லை. புதுத்துணி தைப்பதில்லை. மில்லில் அரைப்பிக்கும் மிளகாய் இரண்டு கிலோவிலிருந்து அரைக் கிலோ. மறுநாள் முதல் நம் வண்டியின் கைபிடியில் ஒரு சுடுநீர்ப் போத்தல் தொங்கலாயிற்று. அந்தத் தேநீர்க் கடையைத் தாண்டும்போது மட்டும் நாம் மறுபக்கம் பார்த்துக்கொண்டு விரைவாக மிதித்துப் போனோம். கொப்பியிலிருந்த 480 ரூபா, இன்று நாளையென்று தள்ளிப்போய், இறுதியில் இடமாற்றமும் வந்துவிட்டது.

அந்தக் கடனைத் தீர்க்கவே இப்போது வந்து இறங்கினோம்.

சந்தை கலகலப்பாகத்தான் இருந்தது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் வாசனையும் பலாப்பழத்தின் வாசனையும் ஒன்றையொன்று வெல்ல முயன்றன. இந்த ஊர் பட்ட பாட்டை அறியாத ஒருவர், இங்கே எப்போதும் இப்படியே வியாபாரம் நடந்து வந்ததென்று எண்ணிவிடுவார். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அவர்களுக்கு நிழல் கொடுத்தது இத்தென்மராட்சி. 2000ஆம் ஆண்டுப் போரிற் சாவகச்சேரி நகரமே கற்குவியலாயிற்று. திரும்பி வந்தவர்கள் வெறும் நிலத்திலே சாக்கை விரித்துத் தொடங்கிய வியாபாரமே இன்று கடைத்தெருவாக நிற்கின்றது.

முதலில் ஒரு தையற்கடையை எட்டிப் பார்த்தோம். மின்மோட்டார் பூட்டியிருந்த தையல் இயந்திரம் மூலையில் உறங்க, பழைய கால்மிதி இயந்திரத்தில் அமர்ந்து ஓர் அம்மையார் தைத்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கும் புதுவருடத்துக்கும் வரும் புதுத்துணி குறைந்துவிட்டதாம். அண்ணனின் காற்சட்டையைத் தம்பிக்குச் சுருக்குவதும், கிழிந்த பாடசாலைச் சீருடையைத் தைப்பதும் கூடிவிட்டனவாம். “திருத்த வேலைக்கு நேரம் கூட, காசு குறைவு, சேர். ஆனால் அதுதானே வருகுது” என்றார். பக்கத்திலிருந்த குளிர்பானக் கடையில் மூன்று குளிர்சாதனப் பெட்டிகளில் இரண்டு அணைந்து, அவற்றின் மேல் பிஸ்கற் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. கடையை இரவிற் பூட்டினாலும் குளிர்சாதனப் பெட்டி மின்சாரத்தை உண்டுகொண்டேயிருக்கும் அல்லவா?

மின்கட்டணத்தின் கதையை இங்கே சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 2022 ஆகஸ்டில் அது சராசரியாக 75 வீதம் உயர்த்தப்பட்டது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். இரண்டையும் பெருக்கினால், முன்பு 100 ரூபாவாக இருந்த பட்டியல் சராசரியாக 290 ரூபாவை எட்டியதெனலாம். 2024இல் இரு முறை குறைத்தார்கள். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். இப்படி ஏறியும் இறங்கியும் வரும் கட்டணத்தை நம்பி, ஆறு மாதத்துக்கு முன்னே விலை குறித்து வியாபாரம் செய்வது எங்ஙனம்? இதன் மேல், கடையைத் திறந்தாலும் பூட்டினாலும் மாதந்தோறும் செலுத்தவேண்டிய நிலையான கட்டணம் வேறு. கூரையிற் சூரியத் தகடு பூட்டலாமே என்பர். அதற்கு முதல் வேண்டும். முதலுக்கு வங்கிக் கடன் வேண்டும்.

அரைக்கும் மில்லில் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் ஓடிய இயந்திரம் இப்போது மூன்று நாள் மட்டும் ஓடுகின்றது. மக்கள் கொண்டுவரும் சிறு சிறு பைகளைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் அரைக்கிறார்கள். இரண்டு வேலையாட்களில் ஒருவர் நின்றுவிட்டார். “ஆளை நிப்பாட்டினது மனவருத்தம்தான், மோட்டரை நிப்பாட்டினால் எல்லாரும் வீட்டைதான்” என்று மில்காரர் வேறுபக்கம் பார்த்தபடி கூறினார்.

வழியிலே ஒரு பாண்காரரைக் கண்டோம். முன்பு இசையெழுப்பும் முச்சக்கர வண்டியில் தெருத் தெருவாக வந்தவர். 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு முதலில் வாரத்துக்கு 5 லீற்றர் என்று அளந்தார்கள். அது எத்தனை ஒழுங்கைக்குப் போதும்? துவிச்சக்கர வண்டியின் பின்னே பெட்டி கட்டினார். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. பெற்றோலும் தாராளமாக வந்தது. ஆயினும் அவர் வண்டியை மாற்றவில்லை. பெற்றோலுக்குக் கொடுக்கும் காசைப் பாணின் விலையில் ஏற்றினால் வாங்குவோர் கதவு திறவார் என்பது அவர் கணக்கு. அவருக்குப் பாண் கொடுக்கும் வெதுப்பகத்தில் விறகுப் போறணையைக் கைவிடாது வைத்திருந்தார்களாம். அதனால்தான் அது பிழைத்தது என்றார்.

தேநீர்க் கடை இருந்த ஒழுங்கைக்கு வந்தபோது நம் நெஞ்சு சற்றுப் படபடத்தது. கடை இருந்தது. ஆனால் பாதியாக இருந்தது. இரண்டு மேசைகளில் ஒன்று இல்லை. எரிவாயு அடுப்பின் இடத்திற் களிமண் அடுப்பு. அதன் பக்கத்திலே தேங்காய்ப் பொச்சு, சிரட்டை, காய்ந்த கங்குமட்டை, ஊமல் ஆகியவை தனித்தனியே குவிக்கப்பட்டிருந்தன. தென்னையும் பனையும் நிறைந்த நாட்டில் எரிபொருள் நிலத்திற் கிடக்கின்றது. பொறுக்குவதற்குத்தான் ஆள் வேண்டும். அந்த வேலை அவருடைய மனைவியாரின் தலையில் விழுந்திருந்தது. காலை நான்கு மணிக்கு முன்பே அடுப்பு மூட்டிப் பத்து மணிக்கெல்லாம் அணைத்துவிடுகிறார்கள். மாலைக் கடை இல்லை. வாய்ப்பனும் சற்றுச் சிறுத்திருந்தது.

“வாருங்கோ மாஸ்ரர்! எங்கை, கனகாலமாய்க் காணேல்லை?” என்று வரவேற்றார்.

“இடமாற்றம் வந்திட்டுது அண்ணை” என்றோம். அது பாதி உண்மை.

தேநீர் வந்தது. குடித்து முடித்து, பழைய கணக்கைப் பற்றி மெல்லத் தொடங்கினோம். அவர் உடனே எழுந்து, பலகைத் தட்டின் மேலிருந்து எண்ணெய்ப் பிசுக்கேறிய கொப்பியை எடுத்துப் பக்கத்தைத் திறந்தார். நம் பெயர் இருந்தது. 480 ரூபாவும் இருந்தது. அன்று அது பன்னிரண்டு தேநீர். இன்றைய விலையில் எட்டுத்தான். பொருளியல் கற்பிக்கும் நாம் இதை அறியாதவரல்லேம். ஆகவே 720 ரூபாவை எடுத்து நீட்டினோம். அவர் ‘வேண்டாம்’ என்று உபசாரம் பேசவில்லை. 480 ரூபாவை எண்ணி எடுத்து, மீதியைத் திருப்பித் தந்து, பேனாவால் ஒரு கோடு கிழித்தார். “கொப்பியிலை உள்ளது போதும்” என்றார். அப்பக்கத்திலே கோடு கிழிக்கப்படாத பெயர்கள் பல இருந்தன.

“எப்படி அண்ணை சமாளிச்சியள்?” என்று கேட்டோம்.

“தடைக் காலத்தையே பாத்தனாங்கள், மாஸ்ரர். ஜாம் போத்தல் விளக்கிலை கடை நடத்தினது. அப்ப சாமான் இல்லை, ஆனால் ஆக்கள் வந்திச்சினம். இப்ப சாமான் எல்லாம் கிடக்கு, ஆக்கள்தான் குறைவு.” அடுப்பைக் காட்டினார். “பத்துப் பேர் குடிச்சாலும் இந்தத் தண்ணி கொதிக்கத்தான் வேணும். இரண்டு பேர் குடிச்சாலும் கொதிக்கத்தான் வேணும்.”

குற்றஞ்சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. ஆயினும் நமக்குச் சுருக்கென்றது. நாம் ஒரு கோப்பையை நிறுத்தியபோது அவருக்கு ஒரு கோப்பைதான் நட்டமென்று எண்ணியிருந்தோம். அவருடைய அடுப்புச் செலவில் நாம் தாங்கி வந்த பங்கும் அன்றே மற்றைய வாடிக்கையாளர் தலையில் ஏறியது. அவர்களும் சுடுநீர்ப் போத்தலைக் கட்டிக்கொண்டபோது எல்லாம் அவர் தலையிலேயே இறங்கியது. ஒருவர் சிக்கனம் செய்தால் அவருக்கு நன்மை. எல்லோரும் ஒரே வேளையிற் செலவைச் சுருக்கினால் எல்லோருடைய வருமானமும் சுருங்கும் என்னும் கருத்தை கெயின்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் 1936இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். அதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவருகிறோம். எழுதிய கையே அந்தக் கடையைத் தாண்டிப் போத்தலைக் கொண்டுபோயிற்று.

இதனாற் சிக்கனம் பிழையென்று நாம் கூறவரவில்லை. இல்லாதவர் எதைக் கொண்டு செலவழிப்பார்? 2024 செப்டெம்பரிற் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே இறங்கியதென்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் பணவீக்கம் இறங்கினால் விலைகள் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டன என்று பொருளாகாது. ஏறிய படிக்கு அருகிலேயே அவை நிற்கின்றன என்பதே பொருள். ஆகவே வெட்டுவது இன்னும் அவசியந்தான். ஆனால் எதை முதலில் வெட்டுகிறோம் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். நம் வீட்டுக் கொப்பியில் முதலில் வெட்டுண்டவை தேநீர்க் கடை, தையற்காரி, மில்காரர் ஆகிய மூன்றுமே. பட்டியல் அனுப்பி எச்சரிக்காதவர்களும், தவணை தவறினாற் கம்பியைத் துண்டிக்காதவர்களும் அவர்களே. கேட்க வாயில்லாதவரைத்தான் நாம் முதலிற் கைவிட்டோம்.

எழுந்து விடைபெற்றபோது மணி பத்தாகிக்கொண்டிருந்தது. அம்மையார் அடுப்பிலிருந்து எரியாத மட்டைகளை இழுத்து, தண்ணீர் தெளித்து, நாளைக்கென்று ஒதுக்கி வைத்தார்.

சந்தையிற் பாதிப் பலாப்பழம் ஒன்று வாங்கினோம். முழுப்பழம் வாங்குவோர் குறைந்ததால் வெட்டி விற்கிறார்கள். பேருந்து முழுவதும் அதன் மணம் பரவியது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னோம். இல்லத்தரசியார் ஒன்றும் பேசாமல் செலவுக் கொப்பியை எடுத்தார். ‘பலாப்பழம்’ என்று எழுதினார். ‘பழைய கடன் 480’ என்று எழுதினார். பிறகு சற்று யோசித்து, அடுத்த மாதத்துக்குரிய பக்கத்தைத் திறந்து, ‘மிளகாய், மில்லில், ஒரு கிலோ’ என்று எழுதிவிட்டு, “தேத்தண்ணிக்கு எவ்வளவு போட?” என்று கேட்டார்.