மோட்டார் ஹெச்பியும் கம்ப்யூட்டர் ரேமும்

பாலக்கோடு மண்டியில தக்காளி விலை நல்லா நின்ன மூணு வாரத்துல ஒதுக்கி வெச்சது 48,000 ரூபாய். பொண்ணு பி.காம் சேர்றா, லேப்டாப் வேணும்.

வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்குங்க. 2011-ல தமிழக அரசு ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல அக்கா பையனுக்குக் கிடைச்சது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அவன் ஓசூர் வேலைக்குப் போனதும் நம்ம வீட்டுக்கு வந்துடுச்சு. பட்டா, சிட்டா பார்க்கவே இப்ப அதுக்கு மூச்சு வாங்குது.

தர்மபுரி கடையில ரெண்டு காட்டினாங்க. ஒண்ணு ஐ5 புராசசர், 8 ஜிபி ரேம். இன்னொண்ணு ஐ3, 16 ஜிபி. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். "ஐ5 எடுங்கண்ணா, அதுதான் வேகம்"னாரு கடைக்காரர்.

நம்ம பக்கம் போர்ல தண்ணி அரை இன்ச்சுதான் வரும். அதைத் தொட்டியில தேக்கி, அங்கிருந்து மோட்டார் வெச்சு சொட்டுநீருக்கு விடுவோம். ஹார்ட் டிஸ்க்தான் போர், ரேம்தான் தொட்டி, புராசசர் மோட்டார். தொட்டி சின்னதா இருந்தா பத்து ஹெச்பி மோட்டாரும் நின்னு நின்னுதான் ஓடும். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும்னு மைக்ரோசாஃப்ட் சொல்றது, அது எந்திரிச்சு நிக்க மட்டும். அதுக்கு மேல பிரவுசர், எக்செல், வகுப்பு வீடியோ எல்லாம் இருக்கே!

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. லேப்டாப்புல புராசசரை பின்னாடி மாத்த முடியாது. ரேமை, காலி ஸ்லாட் இருந்தா சேர்த்துக்கலாம். போர்டோட பத்த வெச்சிருந்தா அதுவும் முடியாது. கேட்டேன். ஐ5-ல ஸ்லாட் இல்ல. அப்புறம், வெறும் ஐ3, ஐ5-னு பார்க்காம எத்தனாவது தலைமுறைனும் பாருங்க. புது ஐ3, பழைய ஐ5-ஐ ஓரங்கட்டிடும்.

ஸ்லாட் இருந்திருந்தாலும் யோசிச்சிருப்பேன். ஏஐ டேட்டா சென்டருங்க மெமரி சிப்பை அள்ளிக்கிறதால, 2025 கடைசியிலருந்து ரேம் விலை ஏறிடுச்சு. நாளைக்கு இறங்கும்னு காத்திருக்கறது தக்காளியைப் பறிக்காம செடியிலயே விடுற மாதிரி.

வீடியோ எடிட்டிங், பெரிய கேம்னு போறவங்க ஐ5 பக்கம் போங்க. நாங்க ஐ3, 16 ஜிபி எடுத்தோம். மூணு வருசப் படிப்பு முடியுற வரைக்கும் இது ஓடியாகணும். அடுத்த நல்ல விலை எப்ப வரும்னு மண்டிக்கே தெரியாதுங்க.