மூணு கேமரா, ஒரு பாட்டி

உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவைக் கடைசியாக எப்போது முழுசாகப் பார்த்தீர்கள்? ரொம்ப யோசிக்காதீர்கள். கேசட் காலத்தில் மூணு மணி நேரம், அப்புறம் ரெண்டு சிடி. சம்பந்தி வீட்டார் பார்த்தார்கள், பக்கத்து வீட்டு மாமி பார்த்தார், பீரோவுக்குள் போய்விட்டது. இப்போது எல்லோரும் பார்ப்பது 'ஹைலைட்ஸ்' மட்டும்தான். நாலே நிமிஷம். அதனால் அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது லேசுப்பட்ட விஷயமில்லை.

ஏற்காட்டைத் தாண்டி, சேர்வராயன் மலையில் இருக்கிறது மாரமங்கலம். சிநேகிதர் ஒருவரின் வீட்டுக் கல்யாணம் அங்கே நடந்தது. மூணு கேமரா. ஒன்று மேடைக்கு எதிரே ஸ்டாண்டில். இன்னொன்று சுற்றிச் சுற்றி வந்த தம்பியின் கையில். மூணாவது, மணப்பெண்ணின் சித்தப்பா மகனுடைய செல்போன்.

மலைக் கல்யாணத்தில் வெளிச்சம் படுத்தும் பாடு தனி. விடியலில் பனிமூட்டம், எல்லாமே நீலம். பந்தலுக்குள் மஞ்சள் பல்பு. காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் நிற்க வைத்தால், இலைக்குள் புகுந்து வரும் வெளிச்சம் முகத்தில் பச்சையாக விழுகிறது. ஒவ்வொரு கேமராவும் இதைத் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொள்ளும். ஒரே பெண் ஒன்றில் மஞ்சள் குளித்தவள், இன்னொன்றில் குளிரில் விறைத்தவள், செல்போனில் பச்சைப் பிள்ளை. நிஜமாகவே பச்சை!

பி.காம். படித்தவனுக்கு இது புது சமாச்சாரமில்லை. ரொக்கப் புத்தகம் ஒரு தொகை சொல்லும், வங்கி பாஸ்புக் வேறு தொகை சொல்லும். ரெண்டுமே பொய் சொல்லவில்லை. உட்கார்ந்து சரிக்கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சேலத்தில் எடிட்டிங் நடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பாட்டி ஷாட்டைத் தூக்கிட்டேன் சார். செல்போன்ல எடுத்தது, கலர் ஒட்டல" என்றார் அந்தத் தம்பி.

எனக்குத் திக்கென்றது. தாலி கட்டும்போது பெரிய கேமரா ரெண்டும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசி வரிசை நாற்காலியில் பாட்டி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்தது செல்போன் மட்டும்தான். பாட்டிக்கு 84 வயசு. அவர் அசைகிற, சிரிக்கிற படம் அந்த வீட்டில் வேறு ஒன்றுகூட இல்லை.

"ஒட்ட வைக்க முடியாதா தம்பி?"

"முடியும் சார். நேரமாகும்."

நேரம் கொடுத்தோம். அவர் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். முதலில் ஒலி. சினிமாவில் கிளாப் அடிப்பார்கள். நமக்குக் கெட்டிமேளம் இருக்கிறதே! தவிலின் முதல் அடியை மூணு பதிவிலும் கண்டுபிடித்து ஒரே கோட்டில் நிறுத்தினார். அதிலும் ஒரு சூட்சுமம். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் ஓடும். மேளத்துக்கு 34 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்கு அடி பத்தில் ஒரு விநாடி தாமதமாகக் கேட்கும். விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் அது ரெண்டரை ஃபிரேம். அதையும் தள்ளிச் சரிசெய்தார்.

அடுத்து வெளிச்சம், அதற்குப் பிறகுதான் நிறம். நான் வேட்டியை வைத்து வெள்ளையைப் பிடிக்கலாமே என்றேன். "நீலம் போட்ட வேட்டி சார், ஏமாத்திடும்" என்று சிரித்தார். மூணிலும் வருகிற ஒரே முகம் மணப்பெண்ணுடையது. அந்தத் தோல் நிறத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டார். செல்போனை உயர்த்த ஓரளவுக்கு மேல் முடியாது என்பதால் பெரிய கேமராக்களின் பளபளப்பைக் கொஞ்சம் இறக்கினார். அப்படியும் மிச்சமிருந்த வித்தியாசத்துக்கு, பாட்டிக்கு முன்னால் குத்துவிளக்குச் சுடரை வைத்தார். கண் ஒரு கணம் இளைப்பாறியது. அதற்குப் பிறகு பாட்டி வந்தபோது நிறம் யாருக்கு ஞாபகம்?

அமெரிக்காவில் 1951ல் 'ஐ லவ் லூசி' தொடரை மூணு கேமராவில் எடுத்தபோது, ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் மேலிருந்து சீராக வெளிச்சம் கொடுத்து, பாதித் தொல்லையை முளையிலேயே கிள்ளிவிட்டார். உங்கள் கல்யாணத்திலும் செய்யலாம். பந்தலில் எல்லா பல்பும் ஒரே ரகமாக இருக்கட்டும். எல்லா கேமராவிலும், செல்போன் உட்பட, 25 ஃபிரேம் வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல், ஒரே சாம்பல் அட்டையைக் காட்டிப் பூட்டச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. கல்யாணத்துக்கு முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் அஞ்சு பெயர் எழுதி வீடியோக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். 'நிறம் ஒட்டாவிட்டாலும் இவர்களை வெட்டக் கூடாது' என்று. சீட்டில் முதல் பெயர் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் கடைசி நாற்காலியில் யார் உட்காருவார் என்பது உங்களுக்கே தெரியும்.