வந்து மறையும் பழுது

பழுதுகள் இருவகைப்படும். என்றும் நிலைத்து நிற்பது ஒன்று. வந்து வந்து மறைவது மற்றொன்று. முன்னதைக் கண்டறிதல் எளிது. பின்னதோ தேடும்போது ஒளிந்துகொள்ளும், தேடாதபோது தலைகாட்டும். இவ்வுண்மையை எனக்கு நன்கு உணர்த்தியது என் மைத்துனரின் பழைய லோரி.

கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வந்து விற்பது அவர் தொழில். 1990களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட பெட்ரோல் வண்டி அது. கார்புரேட்டர் இன்றி, மின்கட்டுப்பாட்டால் எரிபொருளைப் பீய்ச்சும் இயந்திரம் உடையது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென நின்றுவிடும். சற்று நேரங்கழித்து, ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். தாப்பாவுக்கு இறங்கும் வளைந்த மலைச்சாலையில் இது விளையாட்டன்று. இயந்திரம் நின்றால் ஸ்டியரிங் இறுகிவிடும்; பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசையும் ஓரிரு மிதிக்கே தாங்கும்.

பட்டறைகளில் பெட்ரோல் பம்ப், வடிகட்டி, ஸ்பார்க் பிளக் என ஒவ்வொன்றாக மாற்றினார்கள். பணம் கரைந்தது, பழுது கரையவில்லை. பட்டறைக்குச் சென்ற வேளையிலெல்லாம் வண்டி நோயற்ற உடல்போல் இயங்கியது.

"விற்றுவிடலாமா, அத்தான்?" என்று அவர் கேட்டபோது, குரலில் குடும்பத்தின் வயிற்றுப்பாடு ஒலித்தது.

நான் இயந்திரம் அறிந்தவன் அல்லன். ஆயினும் குறித்துவைத்தல் ஆசிரியனுக்குப் பழகிய பணியன்றோ! ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, வண்டி நிற்கும்போதெல்லாம் எழுதச் சொன்னேன். எவ்வளவு நேரம் ஓடியபின் நின்றது? வெயிலா, மழையா? தடுமாறி நின்றதா, சட்டென நின்றதா? எவ்வளவு நேரத்தில் உயிர்பெற்றது?

இரு வாரங்களில் ஒழுங்கொன்று புலப்பட்டது. இயந்திரம் நன்கு சூடேறிய பின்னரே வண்டி நின்றது; கால்மணி நேரம் ஆறியபின் ஓடியது. ஏட்டைப் படித்த முதிய பட்டறைக்காரர் ஒருவர் முகம் மலர்ந்தார். "பெட்ரோல் குறைந்தால் வண்டி திணறித் திணறி நிற்கும். சந்தியில் வேகம் குறையும்போது மட்டும் அணைந்தால் காற்றுவழியில் அழுக்கு இருக்கலாம். விளக்கணைந்தாற்போல் நின்றால், முதலில் தீப்பொறியைப் பார்க்க வேண்டும்" என்றார்.

மறுநாள் கருவிகளோடு அவரே வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டி நின்ற அக்கணமே சோதித்தார். பெட்ரோல் அழுத்தம் குறையவில்லை, தீப்பொறியோ இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த சிறு கம்பிச்சுருளே குற்றவாளி. அதன் நுண்கம்பி உள்ளே முறிந்திருந்தது. சூட்டில் விரிந்து முறிவு விலகும். ஆறியதும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சுருளை மாற்றியபின் வண்டி வழியில் நிற்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, நம் வகுப்பறையிலும் இத்தகைய பழுதுகள் உண்டு. ஒருநாள் தெளிவாக வாசிக்கும் மாணவன் மறுநாள் எழுத்தையே மறந்தவன்போல் விழிக்கிறான். சோம்பல் என்று முத்திரை குத்துவது, பார்க்காமலே பம்பை மாற்றுவது போன்றது. எந்த நாளில், எந்த வேளையில் அவன் தளர்கிறான் என்று குறித்துப் பார்ப்போம். காலையில் அவன் உண்டு வந்தானா, இரவில் உறங்கினானா என்று கேட்போம். தேர்வு நாளில் மட்டும் அவனை அளப்பது போதாது. அவன் தடுமாறும் அந்நேரத்தில் அவன் அருகில் இருத்தல் வேண்டும். காரணம் அங்கேதான் கண்ணுக்குப் புலனாகும்.